அகத்தியர் நிமிர்த்தாத சாய்வு

(பாளையங்கோட்டையில் ஒரு பங்குனி மாத மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முப்பது வருஷத்துக்கு மேல் புவியியல் பாடம் நடத்தியவன் நான். ஒரு ஜூன் மாதம், பள்ளி திறந்த புதிது. எட்டாம் வகுப்பில் கரும்பலகை நடுவே சூரியனை வரைந்தேன். சுற்றிலும் நாலு பூமி போட்டு, ஒன்றின் பக்கத்தில் 'ஜூன் 21, வட அரைக்கோளத்தில் கோடைக்காலம்' என்று எழுதினேன். செங்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பையன் ஒருவன் எழுந்து நின்றான். "சார், புஸ்தகத்துல தப்பா போட்டிருக்காவ. எங்க ஊர்ல ஆனி மாசம் போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டுல்லா படுக்கோம்" என்றான். வகுப்பே சிரித்தது. "அது குற்றாலச் சாரல். இது உலகத்துக்கே பொதுவான பாடம், உக்காரு" என்று சொல்லிவிட்டேன். அவன் உட்கார்ந்துவிட்டான். அவன் கேட்டது சரியான கேள்வி. பதில் சொல்லாமல் அவன் வாயைத்தான் அன்று அடைத்தேன். இந்த மாலையில் நான் பேசப்போவது அவனுக்குச் சேர வேண்டிய பதில்.

முதலில் நம் ஊர்க் கதை ஒன்று. கயிலாயத்தில் சிவனுக்கும் பார்வதிக்கும் திருமணம். உலகமே அங்கே திரண்டுவிட்டது. பாரம் தாங்காமல் வடக்கு தாழ்ந்தது, தெற்கு உயர்ந்தது. பூமியைச் சமன்செய்ய அகத்தியரைத் தெற்கே அனுப்பினார்கள். அவர் பொதிகைக்கு வந்து அமர்ந்தார், பூமி நிமிர்ந்தது. கல்யாணத்தைப் பார்க்க முடியாமல் போன அந்த மாமுனிக்கு, பாபநாசத்தில் இறைவன் திருமணக் கோலத்திலேயே காட்சி கொடுத்தார். சித்திரை விசு அன்று பாபநாசம் படித்துறையில் தீர்த்தவாரி நடக்கும்போது இன்றைக்கும் இந்தக் கதையைத்தான் நினைக்கிறோம்.

பூமி சாய்ந்தது என்று சொல்லும் கதை நம் ஆற்றின் தலைமாட்டிலேயே இருக்கிறது என்பது எனக்குத் தீராத வியப்பு. கதைக்குள் அந்தச் சாய்வு ஒரு கேடு, அதைச் சரிசெய்தாக வேண்டும். வானத்துக் கணக்கிலோ அது நிமிரவே இல்லை. பூமியின் அச்சு இன்றும் 23.4 பாகை சாய்ந்துதான் இருக்கிறது. நம் தாமிரபரணி இரண்டு போகத்துக்குத் தண்ணீர் கொடுப்பது அந்தச் சாய்வால்தான். அது எப்படி என்று சொல்லத்தான் வந்தேன்.

அதற்கு முன் ஒரு தப்பெண்ணத்தைக் களைய வேண்டும். கோடையில் ஏன் வெயில் கொளுத்துகிறது என்று யாரைக் கேட்டாலும், பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போகிறது என்பார்கள். படித்தவர்களும் சொல்வார்கள். பூமியின் பாதை அச்சடித்த வட்டம் கிடையாது, கொஞ்சம் நீண்ட வட்டம். ஆகையால் ஒரு நாள் கிட்டே இருப்போம், ஒரு நாள் எட்ட இருப்போம் என்பது உண்மைதான். ஆனால் மிகக் கிட்டே இருப்பது எப்போது தெரியுமா? ஜனவரி 4 வாக்கில். மார்கழி பிறந்து இருபது நாள் ஆகியிருக்கும். பச்சைத் தண்ணீரில் கால் வைக்கத் தயங்கும் அந்த நாளில்தான் சூரியன் நமக்கு மிக அருகில், 14.71 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது. ஜூலை 4 வாக்கில் மிகத் தூரம், 15.21 கோடி. வித்தியாசம் 50 லட்சம் கிலோமீட்டர். கேட்கப் பெரிதாக இருந்தாலும், மொத்தத்தில் நூற்றுக்கு மூன்றரைகூட ஆகாது. அதோடு, தூரம்தான் காரணம் என்றால் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் கோடை வர வேண்டும். ஆஸ்திரேலியாவில் இருக்கும் நம் பிள்ளைகள் வெயிலில் வியர்த்துக்கொண்டு பொங்கல் வைக்கிறார்களே!

இதோ மேடையில் குத்துவிளக்கு எரிகிறது. என் கையில் ஒரு நுங்குக்காய், அதன் நடுவே ஒரு கம்பி செருகியிருக்கிறேன். விளக்கு சூரியன், காய் பூமி, கம்பி அதன் அச்சு. அந்த வடக்குச் சுவரில் கடிகாரம் தெரிகிறதா? கம்பியின் மேல்நுனியைக் கடிகாரத்தைப் பார்த்துச் சாய்த்துப் பிடிக்கிறேன். விளக்கைச் சுற்றி நடக்கிறேன். எங்கே போனாலும் நுனி கடிகாரத்தையே பார்க்கும்படி வைத்துக்கொள்கிறேன். இந்த ஒரு விதிதான் முக்கியம். கரும்பலகைப் படத்தில் பிள்ளைகள் தவறவிடுவதும் இதைத்தான். ஒரு வருஷச் சுற்றுக்குள் அச்சு ஆடுவதில்லை, பக்கம் மாறிச் சாய்வதும் இல்லை. அது துருவ நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

விளக்குக்குத் தெற்கே நிற்கிறேன், பாருங்கள். காயின் மேல்பாதி விளக்கை நோக்கிக் குனிந்திருக்கிறது. இது ஜூன். சுற்றிவந்து விளக்குக்கு வடக்கே நிற்கிறேன். கம்பியை நான் அசைக்கவே இல்லை, ஆனால் இப்போது மேல்பாதி விளக்கை விட்டு விலகிச் சாய்ந்திருக்கிறது. இது டிசம்பர். இடையில் இரண்டு இடத்தில் எந்தப் பாதியும் விளக்கை நோக்கிக் குனியவில்லை. அவை மார்ச் 20, செப்டம்பர் 22 வாக்கில் வரும் சமநாட்கள்.

குனிந்தால் என்ன ஆகும்? இரண்டு விஷயம் நடக்கும். ஒன்று, பகல் நீளும். மற்றொன்று, வெயில் செங்குத்தாக விழும். அடுக்களையில் பார்த்திருப்பீர்கள். ஒரே கரண்டி மாவை ஊத்தப்பமாக ஊற்றினால் கனமாக நிற்கும். அதையே தோசையாக இழுத்தால் கல் முழுக்கப் பரவும், மெலிந்துபோகும். செங்குத்து வெயில் ஊத்தப்பம், சாய்வெயில் தோசை. மாவின் அளவு ஒன்றுதான்.

இனி நம் ஊருக்கு வருவோம். ஒப்பிட்டுப் பார்க்க, லண்டன் மாநகரில் ஜூன் பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல். டிசம்பர் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. உச்சிவேளையில்கூடச் சூரியன் தொடுவானத்திலிருந்து 15 பாகைதான் ஏறும். நான்கு பருவம் என்ற பாடம் எழுந்தது அப்படிப்பட்ட ஊர்களில். திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8.7 பாகையில் இருக்கிறது. நம் நீண்ட பகல் 12 மணி 38 நிமிடம், குறுகிய பகல் 11 மணி 37 நிமிடம். வருஷம் முழுவதற்கும் ஒரே ஒரு மணி நேர வித்தியாசம். டிசம்பர் உச்சியிலும் சூரியன் 58 பாகை உயரத்தில் நிற்கிறது. செங்குத்து வெயில் நூறு என்றால், நம் மார்கழி நண்பகலில் விழுவது 85. குளிர்காலம் என்று சொல்லும் அளவுக்கு இது குறைவே இல்லை.

நம் வீட்டு வெயில் ஒன்றைச் சொல்கிறேன், பிள்ளைகள் கவனியுங்கள். எங்கள் பழைய வீட்டுத் தார்சாவில் வடக்கே ஒரு ஜன்னல், தெற்கே ஒரு ஜன்னல். மார்கழியில் தெற்கு ஜன்னல் வழியே வெயில் தரையில் நீளமாகக் கிடக்கும். எங்கள் ஆச்சி அதில் காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பாள். வைகாசி வந்தால் தெற்கு ஜன்னல் இருண்டுவிடும், காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னல் வழியாக வெயில் எட்டிப்பார்க்கும். ஆச்சி பாயை மாற்றிப் போட்டுக்கொள்வாள். சூரியன் வடக்கே போய்விட்டது என்பதற்கு அவளுக்குப் பஞ்சாங்கம் தேவைப்படவில்லை. ஏப்ரல் 12 வாக்கிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நாலரை மாதம், நம் ஊர் உச்சிவெயில் வடக்குப் பக்கத்திலிருந்துதான் விழுகிறது. அந்த நாட்களில் நண்பகல் நிழல் தெற்கே சாயும். டெல்லிக்காரர் ஒருவர் தன் ஊரில் இதை ஒரு நாளும் பார்க்க முடியாது.

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறேன். வெயில் இவ்வளவு குறைவாகத்தான் மாறுகிறதென்றால், நமக்குப் பருவம் எங்கிருந்து வருகிறது? காற்றின் வழியாக வருகிறது. நம் தலைமேல் சாய்வின் விளைவு கொஞ்சம்தான். நமக்கு வடக்கே கிடக்கும் ஆசியா என்ற பெருநிலத்தின் மேல் அது மிகப் பெரிது. சூரியன் வடக்கே ஏறும்போது அந்த நிலம் சித்திரை, வைகாசி முழுக்கக் காய்கிறது. நிலம் சட்டென்று சூடேறும், கடல் மெல்லத்தான் ஏறும். சூடான காற்று மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்ப இந்துமாக் கடலிலிருந்து காற்று புறப்படுகிறது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கேயிருந்து வருகிற காற்று அது. பூமி சுழல்வதால், கோட்டைத் தாண்டியதும் வலப்பக்கமாக ஒதுங்கித் தென்மேற்குக் காற்றாகிறது. ஜூன் 1 வாக்கில் கேரளக் கரையைத் தொடுகிறது.

அதன் குறுக்கே நம் மலை நிற்கிறது. அகத்தியமலை 1,868 மீட்டர். காற்று ஏறும், குளிரும், சுமந்துவந்த ஈரத்தை மலையின் அந்தப் பக்கத்திலும் முகட்டிலும் கொட்டிவிடும். பசுவைக் கடைசிச் சொட்டு வரை கறப்பதுபோல மலை அதைக் கறந்துவிடுகிறது. இந்தப் பக்கம் இறங்கும்போது அது வறண்ட காற்று. அதனால்தான் ஆடியில் பாளையங்கோட்டையில் புழுதி பறக்கிறது, கயத்தாற்றில் காற்றாலைகள் ஓயாமல் சுற்றுகின்றன. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவில் மலைச்சுவர் தணிந்து ஒரு வாசல் விட்டிருக்கிறது. அந்த வாசல் வழியே ஈரக்காற்று கசிந்து வருவதுதான் குற்றாலச் சாரல். நாம் 'சீசன்' என்கிறோமே, அதுதான்.

ஆகவே தம்பி, நீ இப்போது எங்கே இருந்தாலும் கேட்டுக்கொள். புத்தகம் சொன்னதும் சரி, நீ சொன்னதும் சரி. ஜூன் 21 அன்று வட அரைக்கோளத்துக்குக் கோடைதான். அந்தக் கோடைதான் கடலிலிருந்து காற்றை இழுத்து உன் ஊரில் போர்வை போர்த்த வைக்கிறது. உன் குளிர், ஆசியாவின் வெயிலுக்குப் பிறந்த பிள்ளை.

மலைமுகட்டில் பெய்கிற அந்த மழை வீணாவதில்லை. தாமிரபரணி முகட்டிலேயே பிறக்கும் ஆறு. அங்கே பெய்வது 143 அடி பாபநாசம் அணைக்கு வந்து சேருகிறது. நம் வயலில் ஒரு துளி விழாத ஆனியில் அணை திறந்தால் வாய்க்காலில் தண்ணீர் ஓடும். கார் சாகுபடி தொடங்கும். இலக்கியக் கணக்கில் ஆனியும் ஆடியும் முதுவேனில், ஆவணியும் புரட்டாசியும்தான் கார். நம் விவசாயிகள் கணக்கில் ஆனியில் நாற்றுப் பாவினால் அது கார்ப் பயிர். சேரன்மகாதேவி பக்கம் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "மேல பேஞ்சா காரு, கீழ பேஞ்சா பிசானம். ரெண்டும் பேஞ்சாதான் சம்சாரி வீட்டுல சிரிப்பு." பருவக்காற்று பற்றி நான் படித்த எந்தப் புத்தகமும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

கீழே பெய்வது என்றால் வடகிழக்குப் பருவமழை. செப்டம்பர் 22-க்குப் பிறகு சூரியன் நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே போகிறது. ஆசிய நிலம் ஆறத் தொடங்குகிறது. வங்காள விரிகுடா இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. காற்று திசை திரும்பி வடகிழக்கிலிருந்து கடலைத் தாண்டி வருகிறது. அக்டோபர் மூன்றாவது வாரம் வாக்கில் நம் கரையில் மழை இறங்குகிறது. ஐப்பசி அடைமழை அதுதான். இப்போது மலை நமக்கு முதுகு காட்டி நிற்கவில்லை, முகம் காட்டி நிற்கிறது. மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து மேடுகளில் கொட்டுகிறது. 118 அடி மணிமுத்தாறு அணை பெரும்பாலும் இந்த மழையை நம்பித்தான் நிறைகிறது. வயல்களில் இரண்டாம் போகமான பிசானம் தலையெடுக்கிறது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். அவற்றின் வாய்க்கால்களும் குளங்களும் சேர்ந்து 86,000 ஏக்கருக்கு மேல் பாசனம். கடைசி அணைக்கட்டு ஒன்றுதான் 19-ஆம் நூற்றாண்டுக் கட்டுமானம், மற்றவை அதற்கும் முந்தியவை. காற்று வருஷத்துக்கு இருமுறை திசை மாறும் என்ற நம்பிக்கையில் கல் அடுக்கியவர்கள் அவர்கள்.

சாய்வு நாள்காட்டியைத்தான் வகுக்கும், அளவை வகுக்காது. 2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறந்திருக்காது. சூரியன் தென்கோடியைத் தொட நாலு நாள் இருந்தது. குமரிக் கடலின் மேல் ஒரு காற்றுச்சுழற்சி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றது. மழைக்காலம் வருவதை விண்ணியல் சொல்லும். ஒரே நாளில் இவ்வளவு வரும் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது வானிலை அறிவியல். ஆற்றங்கரையை ஆற்றுக்கே விட்டுவைப்பது நம் வேலை. இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். வெள்ளம் வடிந்தபின் நான் நடந்துபோன தெருக்களில் பாதி, ஒரு காலத்தில் குளத்து வாயாக இருந்தவை.

புரட்டாசி வெயிலையும் விட்டுவிடக் கூடாது. பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். சித்திரையில் காய்வது சரி, புரட்டாசியில் ஏன்? சூரியன் நம் உச்சியை வருஷத்தில் இரண்டு தடவை கடக்கிறது. வடக்கே போகும்போது ஏப்ரல் 12 வாக்கில், திரும்பும்போது ஆகஸ்ட் 30, 31 வாக்கில். இரண்டாவது கடப்பு ஆவணி நடுவில். தென்மேற்குக் காற்று தளர்ந்து மேகம் கலைய, நிலம் ஏற்கெனவே காய்ந்து கிடக்க, அந்தச் சூடு புரட்டாசிக்குள் நீளுகிறது. நமக்கு வருஷத்துக்கு இரண்டு கோடை. பழமொழி சொன்னவர்கள் கோணத்தை அளக்கவில்லை. ஆனால் உடம்பில் பட்டதை ஒளிக்கவும் இல்லை.

அளந்தவர்களும் இருந்தார்கள். நெடுநல்வாடையில் பாண்டியனின் அரண்மனைக்கு மனை வகுக்கும் காட்சி வருகிறது. நிழல் எந்தப் பக்கமும் சாயாத நண்பகலில், இரண்டு கோல் நட்டுத் திசை குறிக்கிறார்கள். உரையெழுதிய நச்சினார்க்கினியர் அந்த நாளைச் சித்திரை மாதத்து நடுப் பத்தில் வைக்கிறார். நான் இதை மதுரைக்குக் கணக்கிட்டுப் பார்த்தேன். இன்று மதுரையில் நிழலற்ற நண்பகல் ஏப்ரல் 16 வாக்கில் வருகிறது. அதாவது சித்திரை 3. நடுப் பத்தில் வரவில்லை. உரைகாரர் தவறினாரா?

தவறவில்லை. சாய்ந்த அச்சு, வேகம் தளர்ந்த பம்பரம்போல, சுமார் 26,000 ஆண்டுக்கு ஒரு முறை மெல்லத் தலைசுற்றி வருகிறது. நம் தமிழ் மாதங்கள் நட்சத்திரங்களை வைத்துக் கணித்தவை. வெயிலும் நிழலும் அச்சின் சாய்வை வைத்து நடப்பவை. இரண்டுக்கும் இடையே சுமார் 71 ஆண்டுக்கு ஒரு நாள் பிசகு விழுகிறது. நச்சினார்க்கினியரின் காலம் என்று கருதப்படும் 14-ஆம் நூற்றாண்டுக்குப் பின்னோக்கிப் போனால் ஒன்பது, பத்து நாள் கூட்ட வேண்டும். சித்திரை 12 அல்லது 13. நடுப் பத்துக்குள் கச்சிதமாக வந்து உட்காருகிறது! இந்தக் கணக்கைப் போட்டு முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் ஏட்டை மட்டும் பார்த்து எழுதவில்லை, அவர் காலத்து வெயிலும் அந்த உரைக்குள் இருக்கிறது என்று தோன்றியது.

இதே பிசகுதான் தை முதல் நாளிலும் தெரிகிறது. சூரியன் உண்மையில் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22-ல். நாம் உத்தராயணம் கொண்டாடுவது ஜனவரி நடுவில். சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாக இருந்தன. விசு என்ற சொல்லும் அப்படித்தான். பகலும் இரவும் சமமான நாளுக்குரிய பெயர் அது. சித்திரை முதல் நாள் ஒரு காலத்தில் மெய்யான சமநாளாக இருந்தது. இன்று சமநாள் இருபத்துநாலு நாள் முன்னாலேயே போய்விடுகிறது. பெயர் மட்டும் படித்துறையில் தங்கியிருக்கிறது. ஆனால் நம் தலைமுறைக்கு வேறொன்று வாய்த்திருக்கிறது. நகர்ந்து நகர்ந்து, இப்போது சித்திரை விசு நம் பள்ளத்தாக்கின் நிழலற்ற நாளோடு கிட்டத்தட்ட ஒட்டி வந்து நிற்கிறது. அகத்தியருக்குக் கல்யாணக் காட்சி கிடைக்கும் நாட்களில், சூரியன் பாபநாசத்தின் உச்சியில் நிற்கிறது. இன்னும் சில நூற்றாண்டுகளில் இதுவும் விலகிப்போகும்.

பிள்ளைகளே, இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. ஏப்ரல் 12 அன்று ஒரு மீட்டர் நீளத்தில் நேரான குச்சி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு, குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். ஆற்றங்கரையோ வீட்டு முற்றமோ போதும், தரை மட்டமாக இருக்க வேண்டும். நம் ஊர் உச்சிவேளை கடிகாரத்துக்கு 12 மணி கிடையாது, 12 மணி 20 நிமிடம். இந்திய நேரம் நமக்குக் கிழக்கே 82.5 பாகையில் அளக்கப்படுகிறது, அதனால்தான். 12 மணிக்கே போய்விடுங்கள். நிழல் கிழக்கும் மேற்குமாகக் குறுகிக் குறுகிக் குச்சியின் காலடியில் ஒடுங்குவதைப் பாருங்கள். அந்த இடத்தில் சாக்கட்டியால் ஒரு புள்ளி வையுங்கள். குச்சியை அசைக்காமல் ஒரு வாரம் விட்டு அதே நேரத்துக்குத் திரும்பி வாருங்கள். நிழலின் நுனி தெற்கே இரண்டு விரல்கடை தள்ளி விழுந்திருக்கும்.